முத்தும் பெருநோயும்

பெரியம்மை கண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் முகமெல்லாம் தழும்போடு வாழ்ந்தார்கள். சிலருக்குப் பார்வையும் போனது. மூச்சுக்காற்றில் வீடு வீடாகத் தாவிய நோய் அது. அப்படிப்பட்ட நோய்க்கு நம் மக்கள் வைத்த பெயர் ‘அம்மை’. கொப்புளத்துக்கு வைத்த பெயர் ‘முத்து’. நோய் வந்தது என்று சொல்லாமல் ‘ஆத்தா வந்திருக்கா’ என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பு வாசனை எழாமல் சமைத்து, நோயாளியின் காதில் கடுஞ்சொல் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றியபின் அவர் மீண்டும் எல்லோரையும் போல ஊருக்குள் நடமாடினார்.

தொழுநோய் இதற்கு நேரெதிர். அது மிக மெதுவாகவும் அரிதாகவும் பரவுவது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதை எதிர்க்கும் ஆற்றல் உடலில் இயல்பாகவே இருக்கிறது. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நெருங்கி வாழ்ந்தால்தான் தொற்றக்கூடும். கை குலுக்குவதாலோ பேருந்தில் பக்கத்தில் உட்காருவதாலோ வருவதில்லை. அதற்கு நாம் வைத்த பெயர் ‘பெருநோய்’. அது வந்தவருக்கு இடம் ஊருக்கு வெளியே, கோயில் வாசலில், பாலத்தடியில்.

வேகமாகப் பரவி ஆளைக் கொன்றதைத் தாய் என்றழைத்த அதே மக்கள், தொட்டால் ஒட்டாததைக் கண்டு ஏன் இவ்வளவு நடுங்கினார்கள்? தோல்நோய் மீதான அச்சம் தொற்றின் அளவைப் பார்த்து எழுவதன்று என்பதற்கு இந்த ஒரு ஒப்பீடே போதும். அச்சம் சொல்லித் தரப்படுகிறது. சொல்லும் கதையும் சட்டமும் சேர்ந்து அதைச் சொல்லித் தருகின்றன. ஆணுக்கு ஒரு பாடமும் பெண்ணுக்கு வேறொரு பாடமுமாகச் சொல்லித் தருகின்றன.

தோலில் தோன்றும் மாற்றத்தைத் தமிழ் எப்போதும் இழிவாகப் பார்த்ததில்லை. சங்கப் பாடல்களில் இளம்பெண்ணின் மார்பில் தோன்றும் சுணங்கு அழகின் அடையாளம். அந்தப் பொன்னிறப் புள்ளிகளை வேங்கைப் பூவுக்கும் கோங்கின் தாதுக்கும் ஒப்பிட்டுப் பாடினார்கள் புலவர்கள். இன்று அதே பெண் அதைத் தேமல் என்று சொல்லிக் களிம்பு வாங்கப் போவாள். ஆனால் சுணங்கைப் பாடிய அதே மரபுதான் பசலையையும் பாடியது. தலைவன் பிரிந்தால் தலைவியின் மேனி நிறம் மாறும். அதைத் தோழி பார்ப்பாள், தாய் பார்ப்பாள், ஊர் பார்த்து அலர் தூற்றும். திருக்குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பெண்ணின் தோல் அவளுடையதாக மட்டும் இருந்ததில்லை. மற்றவர் படித்துப் பொருள்கொள்ளும் ஏடாக அது தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறது.

நோயைத் தண்டனையாகப் படிக்கும் பழக்கத்தை அறநூல்களில் தெளிவாகப் பார்க்கலாம். நாலடியாரில் ‘தீவினையச்சம்’ என்ற அதிகாரத்தில் ஒரு பாடல் வருகிறது. முற்பிறப்பில் நண்டின் காலை ஒடித்துத் தின்றவருக்கு இப்பிறப்பில் விரல்கள் அழுகித் தொழுநோய் வரும் என்பது அதன் செய்தி. உயிர்க்கொலையைத் தடுக்க நினைத்த சமண நெறியின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தப் பாடலைக் கேட்டு வளர்ந்தவர், விரல் மழுங்கிய மனிதரைத் தெருவில் பார்க்கும்போது என்ன நினைப்பார்? ‘என்ன பாவம் செய்தாரோ’ என்றுதான். இரக்கமும் விலகலும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

மருத்துவச் சொற்களும் தம் பங்குக்குக் குழப்பத்தைக் கூட்டின. நம் பழைய மருத்துவ நூல்கள் குட்டத்தை 18 வகையாகப் பிரித்தன. இன்று சொரியாசிஸ், கரப்பான், படை என்று நாம் தனித்தனியாக அறிபவற்றில் பலவும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கின. மருத்துவருக்கு அது வகைப்பாடு. மக்களுக்கோ ‘குட்டம்’ என்ற ஒரு சொல் மட்டுமே காதில் விழுந்தது. இதில் அதிகம் அடிபட்டது தோலின் நிறமிச் செல்கள் அழிவதால் வெள்ளைத் திட்டுகள் உண்டாகும் நிலை. எந்தக் கிருமியாலும் வராத, யாருக்கும் தொற்றாத, வலியோ அரிப்போ பெரிதாக இல்லாத ஒன்றுக்கு ‘வெண்குட்டம்’ என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரினாலேயே எத்தனை பெண்களின் திருமணப் பேச்சு முறிந்தது என்று எந்தக் கணக்கெடுப்பிலும் எழுதப்படவில்லை. அதை ‘வெண்புள்ளிகள்’ என்று சொல்ல வேண்டும் என வலியுறுத்தி அண்மைக்காலத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் செய்தது வெறும் சொல்மாற்றம் அன்று. அச்சத்தின் வேரில் கைவைத்த வேலை அது.

இனி, கதைகளுக்கு வருவோம். நம் வீடுகளில் பத்தினிகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டவள் நளாயினி. கணவர் தொழுநோயாளியான முனிவர். அவர் உண்ட எச்சிலில் அவருடைய விரல் அற்று விழுந்து கிடக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு அருவருப்பின்றி மிச்சத்தை உண்கிறாள். தாசி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டபோது கூடையில் வைத்துத் தலையில் சுமந்து போகிறாள். வழியில் ஒரு சாபம் குறுக்கிட, சூரியனையே உதிக்கவிடாமல் நிறுத்துகிறாள். சூரியனை நிறுத்தும் ஆற்றல் உள்ளவளுக்கு ‘எனக்கு அருவருப்பாக இருக்கிறது’ என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லை.

இந்தக் கதையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தொழுநோய் கண்ட மனைவியைக் கூடையில் சுமந்த கணவனின் புகழ் பாடும் கதை ஒன்றை நம் பாட்டிகள் சொல்லி நாம் கேட்டதில்லை. கணவனின் தோல் எப்படி இருந்தாலும் அவள் முகம் சுளிக்கக் கூடாது. அவள் தோலில் ஒரு திட்டு வந்தால் அவன் விலகலாம். அருவருப்பு கூட ஆணுக்கு உரிய சலுகையாகவும் பெண்ணுக்கு உரிய குற்றமாகவும் பிரிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் திரை இதை வேறு உடையில் காட்டியது. எம். ஆர். ராதா மேடையில் நடித்துப் புகழ்பெற்று, 1954இல் திரைப்படமான ‘ரத்தக்கண்ணீர்’ சாதித் திமிரையும் போலிப் பக்தியையும் பணக்கார மமதையையும் கிழித்த படம். இறுதியில் தன் மனைவியைத் தன் நண்பனே மணந்துகொள்ள வேண்டும் என்று கதாநாயகன் கேட்பது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். நளாயினிக் கதையை அந்த இடத்தில் அந்தப் படம் உடைக்கிறது. ஆனால் நோய் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அது பழைய பதிலையே வைத்துக்கொண்டது. மனைவியை விட்டுத் தாசியிடம் போனவனுக்குத் தொழுநோய் வருகிறது. தொழுநோய் உடலுறவால் பரவும் நோயே இல்லை. சென்னை மாகாணத்தில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடைசெய்த சட்டம் வந்தது 1947இல். அதற்குப் பின் ஏழே ஆண்டுகளில், அந்தக் குலத்துப் பெண்ணின் உடலே நோயின் ஊற்று என்ற எண்ணம் திரையரங்குகளில் கைதட்டல் வாங்கியது.

காலனி அரசு அறிவியலின் பெயரால் ஆண்டது. அதுவாவது அச்சத்தைக் குறைத்ததா? ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்த பாதிரியார் டேமியன் அதே நோயால் 1889இல் இறந்தார். ஒரு வெள்ளைக்காரருக்கே வந்துவிட்டது என்ற செய்தி ஐரோப்பாவைக் கலக்கியது. இலண்டனில் நிதி திரட்டி, இந்தியாவுக்கு ஒரு தொழுநோய் ஆணையத்தை அனுப்பினார்கள். 1890, 1891 ஆண்டுகளில் நாடு முழுவதும் சுற்றிய அந்த ஆணையம், இது பரம்பரையாக வருவதில்லை, தொற்றும் வாய்ப்பும் மிகக் குறைவு என்ற முடிவுக்கு வந்தது. அந்த முடிவு அனுப்பியவர்களுக்கே பிடிக்கவில்லை. 1898இல் தொழுநோயாளர் சட்டம் வந்தது. பிச்சையெடுத்து வாழும் ஏழை நோயாளிகளைப் பிடித்து இல்லங்களில் அடைக்கவும், நோயாளிகள் சில தொழில்களைச் செய்யாமல் தடுக்கவும் அது வழிசெய்தது. வீடு வாசல் உள்ள நோயாளி தன் அறைக்குள் இருந்துகொள்ளலாம். தெருவில் இருப்பவரைத்தான் பிடிப்பார்கள். பார்வையில் படக் கூடாது என்பதுதான் அதன் உண்மையான நோக்கம். அந்தச் சட்டத்தை மத்திய அரசு முழுமையாக நீக்கியது 2016இல்.

மிஷன் நடத்திய இல்லங்களில் உணவும் மருந்தும் பரிவும் கிடைத்தன, மறுக்க முடியாது. ஆனால் அங்கே ஆண்களையும் பெண்களையும் பிரித்து வைத்தார்கள். நோயில்லாத குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி விடுதிகளில் வளர்த்தார்கள். நோய் விரலின் உணர்வைப் பறித்தது. அதைச் சுற்றியிருந்த அச்சம் தாயின் மடியைப் பறித்தது.

மருத்துவ வரலாறு இந்த நோயைச் சொல்லும்போது ஆண்களின் பெயர்களைத்தான் முதலில் சொல்லும். தொழுநோய்க் கிருமியை 1873இல் கண்டறிந்தவர் நார்வேயின் பெர்கன் நகரத்து மருத்துவர் ஹான்சன். இந்த நோய்க்கே இன்று அவர் பெயர்தான். 1879இல் அவர் செய்த இன்னொன்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் என்று நிறுவ, மருத்துவமனையில் இருந்த கரி நீல்ஸ்தாத்தர் ஸ்பீட்சோயன் என்ற 33 வயதுப் பெண்ணின் கண்ணில், அவளுடைய சம்மதம் இல்லாமல், வேறொரு நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்ததைக் கத்தி முனையால் செலுத்தினார். அவள் சும்மா இருக்கவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்பதால் கேட்கவில்லை என்ற பொருளில் ஹான்சன் விளக்கம் சொன்னார். 1880இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அந்த மருத்துவமனைப் பதவியை இழந்தார். நோயாளியின் சம்மதம் பற்றிய வரலாற்றில் தொடக்ககால மைல்கல் ஒன்றை நட்டவள் கரி. ஊர் அஞ்சி ஒதுக்கிய தோலுக்குள் இருந்தபடியே ‘இது என் உடல்’ என்று சொன்னவள்.

நம் சித்த மருத்துவர்களுக்கு நீரடிமுத்து தெரிந்த மருந்து. அந்த இனத்து மரங்களின் விதையெண்ணெய்தான் பல நூற்றாண்டுகளாகத் தொழுநோய்க்குக் கொடுக்கப்பட்டது. குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் தோலுக்கடியில் கட்டிக்கொள்ளும். அதை உடல் ஏற்கும் ஊசிமருந்தாக மாற்றும் வழியை 1915ஐ ஒட்டிக் கண்டறிந்தவர் ஆலிஸ் பால் என்ற கறுப்பினப் பெண் வேதியியலாளர். ஹவாய்க் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1916இன் கடைசி நாளில், 24 வயதில் இறந்துபோனார். அவருடைய ஆய்வைத் தொடர்ந்த துறைத்தலைவர் அவர் பெயரைச் சொல்லாமலே வெளியிட்டார். முறைக்கும் தலைவரின் பெயரே நிலைத்தது. 1922இல் சக மருத்துவர் ஒருவர் எழுத்தில் அவரைக் குறிப்பிட்டார். பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு நினைவுப் பலகை வைக்க 2000ஆம் ஆண்டாயிற்று.

நோயைச் சரியாகப் புரிந்துகொள்வதில் ஒரு பெரிய திருப்பம் நம் வேலூரில் நிகழ்ந்தது. 1940களில் டாப்சோன் மருந்து வந்தபின் கிருமியை அடக்க முடிந்தது. ஆனாலும் விரல்கள் குறைந்துகொண்டே போயின. சதை அழுகுவதில்லை, நரம்பு மரத்துப்போவதால் வலி தெரியாமல் படும் காயங்களே விரலைத் தின்கின்றன என்று நிறுவியவர் அங்கு பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். நாலடியார்க் காலத்திலிருந்து நாம் நம்பிவந்த ‘அழுகும் விரல்’ ஒரு தவறான வாசிப்பு. கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கும் கைக்குச் சூடு உறைக்கவில்லை என்பதே உண்மை. அடுப்படியே வாழ்வாகிப்போன பெண்களுக்கு இது ஒவ்வொரு வேளையும் நேரும் ஆபத்து. இமைக்க மறந்த கண்கள் பார்வையிழப்பதைத் தடுக்கும் வேலையில் பிராண்டின் மனைவி மார்கரெட் தன்னை ஒப்படைத்தார். மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954இல் ஒரு சாலை விபத்தில் முகத்தில் தழும்பும் இடுப்புக்குக் கீழே செயலிழப்பும் பெற்றார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார். ஊர் பார்க்க அஞ்சிய கைகளைத் தொட்டு வேலை செய்த இந்தப் பெண்கள் நளாயினிகள் அல்லர். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கற்ற கல்வி அவர்களின் அருவருப்பை அகற்றியது.

இவ்வளவுக்குப் பிறகும் சட்டப் புத்தகம் அசையவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், தீவிரமான, குணப்படுத்த முடியாத தொழுநோயை மணவிலக்குக்கான காரணமாக வைத்தது. மனைவிக்குத் தொழுநோய் என்று மணவிலக்குக் கேட்ட ஒரு கணவரின் வழக்கு 1970களில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவரே ஒரு மருத்துவர். மணவிலக்கு உறுதியானது. ஆனால் இந்தச் சட்டங்களின் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம், தொழுநோய் கண்ட கணவனிடமிருந்து விடுதலை கேட்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், அப்படிப்பட்ட கணவனை விட்டுத் தனியே வாழ்ந்தாலும் ஜீவனாம்சம் பெற மனைவிக்கு வழிசெய்தது. நளாயினியாக இருக்க மாட்டேன் என்று சொல்ல ஒரு பெண்ணுக்குச் சட்டத்தில் கிடைத்த சிறு சந்து அது. 2019இல் ஐந்து தனிநபர் சட்டங்களிலிருந்தும் தொழுநோய் என்ற காரணம் நீக்கப்பட்டது. மாத்திரையால் குணமாகும் நோய் ஒருவரைக் கைவிடுவதற்கான காரணமாக இருக்கக் கூடாது, நீக்கியது சரிதான். வேண்டாத மணத்திலிருந்து வெளியேற ஒரு பெண்ணுக்குக் கணவனின் நோய் தேவைப்படக் கூடாது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளுடைய விருப்பமின்மையே போதுமான காரணம்.

இந்த வரலாறு முழுவதும் இன்று ஒரு பெண்ணின் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கிறது. கையில் ஒரு புள்ளி தெரிந்தால் நாள் முழுவதும் அதையே பார்ப்பது, பேருந்துக் கம்பியைத் தொட்டபின் கை சிவக்கும்வரை கழுவுவது, தோல்நோய் உள்ளவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார முடியாமல் மூச்சு முட்டுவது, மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொன்னபின்னும் அடுத்த மருத்துவரைத் தேடுவது. மனநல மருத்துவம் இதை ஃபோபியா என்ற அளவுமீறிய அச்சத்திலும், எண்ணமும் செயலும் சுழலும் கட்டாய மனநோயிலும் வைத்துப் பார்க்கிறது. இவர்களைக் ‘கிறுக்கு’ என்று சொல்வது எளிது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கை, கால், கழுத்து வரை நோட்டமிடும் ஊரில், சிவப்பழகுக் களிம்பு வீட்டுக்கு வீடு விற்ற நாட்டில், தன் தோலைக் கண்டு ஒரு பெண் அஞ்சுவது வானத்திலிருந்து விழுந்த நோயில்லை.

காரணம் ஊரில் இருந்தாலும் துன்பப்படுவது அவள்தான். எனவே வழியும் வேண்டும். இந்த அச்சம் விலகி ஓடுவதால் வளர்கிறது. கழுவும்போது ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு அது இரட்டிப்பாகத் திரும்புகிறது. ஓயாமல் கழுவினால் தோலின் காப்புப் படலம் சிதைந்து உண்மையிலேயே புண்ணாகும். சிகிச்சையில் படிப்படியாக நெருங்கப் பழக்குகிறார்கள். முதலில் தோல்நோயின் பெயரை எழுதுவது, பின் படத்தைப் பார்ப்பது, பின் அப்படிப்பட்டவர் அருகே உட்காருவது. ஒவ்வொரு படியிலும் பதற்றம் ஏறி, கழுவாமலே தானாக இறங்குவதை உடல் கற்றுக்கொள்கிறது. ஒரு நாளில் மணிக்கணக்கை இந்த அச்சம் விழுங்குகிறது என்றால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வீட்டார் செய்யக்கூடியது, ‘ஒன்றுமில்லை’ என்று நூறு முறை உறுதி சொல்லாமல், சிகிச்சைக்குத் துணையாக உடன் போவது.

அளவான எச்சரிக்கை வேறு, அச்சம் வேறு. சிரங்கு தொற்றும், வீட்டில் எல்லோரும் சேர்ந்து மருந்து பூசினால் போய்விடும். சொரியாசிஸும் வெண்புள்ளிகளும் தொற்றவே தொற்றா. நிறம் வெளிறி, தொட்டால் உணர்ச்சியற்ற திட்டு இருந்தால் தொழுநோயா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்க வேண்டும். கூட்டு மருந்து இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும். முதல் சில நாட்களிலேயே மற்றவருக்குப் பரவும் வாய்ப்பு போய்விடுகிறது. 2005இல் நோய் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்ததை ‘ஒழித்துவிட்டோம்’ என்று அறிவித்தோம். ஆனாலும் இந்தியாவில் ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். சேலைக்குள், சுடிதாருக்குள் மறைந்திருக்கும் திட்டை ஒரு பெண் காட்டத் தயங்கும் ஒவ்வொரு மாதமும் அவள் நரம்பு மரத்துக்கொண்டே போகிறது. அவளை ஊனமாக்குவதில் கிருமிக்கு உள்ள பங்கு பாதி; அவள் வாயை அடைத்த வெட்கத்துக்கு மீதிப் பாதி.

கொப்புளத்தை முத்து என்று அழைக்கத் தெரிந்த மொழி நம்முடையது. அந்த மொழியில் ஒரு மகள் தன் முதுகில் உள்ள திட்டைத் தாயிடம் காட்டும்போது, தாய் முதலில் சொல்லும் சொல் என்னவாக இருக்கிறது என்பதில்தான் மருந்து தொடங்குகிறது. ‘யாருக்கும் தெரிய வேண்டாம்’ என்பதற்குப் பதிலாக, ‘வா, டாக்டரிடம் காட்டலாம்’ என்று அவள் சொன்னால் போதும்.